சான்றிதழ் பெற்ற ஒரே பெண்மணி

மன்னிக்க வேண்டும், பை உங்கள் முழங்காலில் இடித்துவிட்டது. உள்ளே இருப்பது குழாய் திருகும் பதினான்கு அங்குல பைப் ரிஞ்ச். துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளும் பொருள் அன்று. என்னுடையதா என்று கேட்கிறீர்கள். காலையில் தஞ்சாவூருக்குப் போகும்போது கேட்டிருந்தால் ஆம் என்று சொல்லியிருப்பேன். இப்போது தூக்கிக்கொண்டு வருவது மட்டும் நான். சொந்தக்காரி அதோ, மூன்று வரிசைக்கு முன்னால், சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாளே, பச்சைப் புடவை, அவள். பெயர் செங்கமலம். இருவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. அதுவும் நல்லதுதான்; கிடைத்திருந்தால் இதை உங்களிடம் சொல்ல முடியாது.

நீங்கள் திருச்சி வரைக்கும்தானே? அப்படியானால் நேரம் இருக்கிறது. என் பேச்சு கொஞ்சம் புத்தகம்போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினோர் ஆண்டு கல்லூரியில் வரலாறு நடத்தினேன். கடைசிவரை வேலையை நிரந்தரமாக்கவில்லை; நாக்கு மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

என் பெயர் மங்கையர்க்கரசி. எம்.ஏ., எம்ஃபில். கல்லூரி என்னைக் கைவிட்ட பிறகு, ஏழு ஆண்டாக உறையூரில் ஒரு மகளிர் விடுதிக்குக் காப்பாளர். வேலைக்குப் போகும் பெண்கள் அறுபத்திரண்டு பேர், மூன்று மாடி, ஒன்பது குளியலறை. தரைத்தளத்தில் எனக்கு ஓர் அறை. அந்த அறையைத் தவிர எனக்கு வீடு என்று எதுவும் இல்லை. ஓசூரில் அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டில் நான் மூன்று நாள் தாங்குவேன். நான்காம் நாள் அண்ணி என்னைத் தாங்க மாட்டார். எனவே அந்த அறை போனால் நான் தெருவில் நிற்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் செய்த ஒரு காரியத்துக்கு நீங்கள் காரணம் தேட வேண்டியிருக்காது.

செங்கமலம் அங்கே பெருக்கித் துடைப்பவள். என்னைவிட ஆறு வயது இளையவள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கணவர் சுமை ஆட்டோ ஓட்டுகிறார், வீடு தென்னூரில்.

மகளிர் விடுதிக்குள் பிளம்பர் வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? செங்கமலம் ஓர் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பாள். தட்டிக்கொண்டே, "ஆள் வருது, ஆள் வருது" என்று கூவுவாள். கதவுகள் படபடவென்று சாத்தப்படும். பின்னால் பிளம்பர் சவரிமுத்து, தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி, குற்றவாளியை நடத்திக்கொண்டு போவதுபோல வருவார். இந்த ஊர்வலம் மாதம் ஒருமுறை, இரண்டாம் ஞாயிறு, பத்திலிருந்து பன்னிரண்டு வரை. இரண்டாம் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை ஒரு குழாய் ஒழுகத் தொடங்கினால் அடுத்த மாத இரண்டாம் ஞாயிறு வரை ஒழுகும். விதியை எழுதியது நான்தான். அதன் தமிழ் நன்றாக இருக்கும்.

சென்ற ஐப்பசியில் ஜெனிட்டா என்ற பெண் காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு தலைக்குக் குளித்தாள். தட்டுச் சத்தம் கேட்கவில்லை. துண்டோடு வெளியே வந்தாள். எதிரில் சவரிமுத்து. அவள் அலறவில்லை, அலறியவர் அவர்தான். ஐம்பத்தைந்து வயது, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த மனிதர். கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பி ஓடினார். மூடிய கண்ணோடு மாடிப்படி இறங்குவது எளிதன்று. கணுக்கால் முறிந்தது.

பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். "டீச்சரம்மா, ஒங்க விடுதிப் பக்கம் இனிமே தல வச்சுப் படுக்க மாட்டேன்" என்றார். "பைப்பு ஒழுகுனா ஒழுகிட்டுப் போவட்டும். எனக்கு மானம் முக்கியம்." கட்டுப்போட்ட காலோடு உறையூரில் உள்ள எல்லா பிளம்பர்களிடமும் அதைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஒருவரும் வரவில்லை. கார்த்திகை முடிவதற்குள் ஒன்பது குளியலறையில் நான்கு பூட்டிக் கிடந்தன.

விடுதியை நடத்துவது ஓர் அறக்கட்டளை. செயலாளர் வைத்தியலிங்கம், கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவர். "மேடம், ஒரு பொம்பள பிளம்பராப் பாத்துப் பிடிங்க" என்றார்.

"பிடிப்பதற்கு அது விரால் மீனா?" என்றேன்.

"ஜூன் ஒண்ணாந் தேதி வரைக்கும் டைம். இல்லன்னா டியூஷன் சென்டர்காரங்க பில்டிங்கக் கேக்குறாங்க. அவங்களுக்கு பாத்ரூம் ரெண்டு போதும்."

தேடினேன். மாவட்டத்தில் ஒருத்தி கூட அகப்படவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நானே பிளம்பர் ஆகிவிட்டால் என்ன? செயலாளரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு சம்பளம் தர முடியாது மேடம்" என்றார். வேண்டாம் என்றேன். தீர்மானத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இப்போதும் வரிக்கு வரி நினைவிருக்கிறது: "காப்பாளர் பொறுப்பும் குழாய்ப் பராமரிப்பும் இணைக்கப்பட்டு, ஜூன் முதல் நாளிலிருந்து, குழாய்ப் பணிச் சான்றிதழ் பெற்ற ஒரே பெண்மணியிடம் ஒப்படைக்கப்படும். தரைத்தள அறை அவருக்கே உரியது." குழு ஒருமனதாக நிறைவேற்றியது. கல்வித் தகுதி என்று எதையும் நான் போடவில்லை. அந்தப் பெண்மணி வேறு யாராகவும் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும் அல்லவா?

சிரிக்கிறீர்கள். இப்போதே சிரித்துத் தீர்த்துவிடாதீர்கள்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்று, பெயர் வேண்டாம், அஞ்சல்வழியில் குழாய்ப் பணி கற்றுக்கொடுக்கிறது. ஐந்து மாதம். நீச்சலை அஞ்சலில் கற்றுக்கொடுப்பதுபோல என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. படிப்பு என்று பெயர் வைத்த எதிலும் நான் தோற்றதே இல்லை. பாடப் புத்தகங்கள் பார்சலில் வந்தன. முதல் வாரத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? அவற்றில் இருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தி, நூற்று நாற்பத்து மூன்று பிழைகளைப் பட்டியலிட்டுத் துறைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை.

முதல் ஒப்படைப்பு: வால்வுகளின் வகைகளை இருநூறு சொற்களுக்கு மிகாமல் விளக்குக. நான் பதினோரு பக்கம் எழுதினேன். சோழர் காலத்து ஏரி மதகுகளில் தொடங்கினேன். கல்வெட்டுச் சான்றுகள் கொடுத்தேன். திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில், "சிறப்பு. கேட் வால்வு எங்கே?" என்று எழுதி, நாற்பதுக்கு முப்பத்தெட்டு போட்டிருந்தார். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்காக நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

செய்முறைக்கு நேர்முக வகுப்பு உண்டு, ஆறு ஞாயிறு. நாற்பது பேருக்கு ஒரே பைப். அது என் வரிசைக்கு வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். எனவே வீட்டிலேயே பன்னிரண்டு பயிற்சிகள் செய்து, ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும்.

முதல் பயிற்சி, பிளாஸ்டிக் குழாயில் எல்போ ஒட்டுவது. எல்போ என்றால் வளைவான இணைப்பு, முழங்கை மாதிரி. இரண்டாம் மாடிக் கைகழுவும் தொட்டியில் செய்தேன். இடக்கையில் புத்தகம். இருபத்தாறாம் பக்கத்தின் கடைசி வரி: "குழாயின் முனையிலும் எல்போவின் உட்புறத்திலும் பசையைச் சீராகத் தடவி, குழாயை உள்ளே செலுத்தவும்." அங்கே பக்கம் முடிகிறது. தடவினேன், செலுத்தினேன். பிறகு கையைத் துடைத்தேன். புத்தகத்தில் பசை படக் கூடாது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தேன். பக்கத்தைத் திருப்பினேன். இருபத்தேழாம் பக்கத்தின் முதல் வரி: "உடனடியாக, எல்போவைத் தேவையான திசைக்குத் திருப்பவும். சில நொடிகளில் இறுகிவிடும்."

இறுகிவிட்டிருந்தது. கீழே பார்க்க வேண்டிய எல்போ கூரையைப் பார்த்தது. குழாயைப் பொருத்தித் திறந்தால் தண்ணீர் முழ உயரம் மேலே எழும்பி விழுந்தது. மூன்று வாரம் அந்த மாடிப் பெண்கள் குனியாமல் வாய் கொப்பளித்தார்கள்.

செங்கமலம் வாளியோடு வந்து நின்று, அண்ணாந்து பார்த்தாள். "டீச்சரம்மா, படிக்கிறதும் பிடிக்கிறதும் ஒரே ஆளு செஞ்சா இப்படித்தான் ஆவும். நீங்க வாசிங்க. நான் பிடிக்கிறேன்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து அதுதான் எங்கள் முறை.

இரண்டாம் பயிற்சி, பழைய குழாயைக் கழற்றிப் புதியதை மாட்டுவது. காலை ஆறரை மணி. நான் வாசித்தேன்: "பழைய குழாயை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றவும்."

"தண்ணிய அடைக்க வேணாமா?" என்றாள்.

"அது முந்தைய அலகில் வருகிறது. இந்த அலகில் அப்படி ஒன்றும் இல்லை" என்றேன்.

அவள் தயங்கினாள். ரிஞ்சை அவள் கையிலிருந்து வாங்கி நானே திருகினேன். அதற்குமேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புத்தகம் முதலில் நனைந்தது, பிறகு நான், பிறகு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இருபது பெண்கள். முதன்மை வால்வை அடைக்க வேண்டும், அது எனக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்றும் தெரியும். கட்டடத்தின் நீர்க்குழாய் வரைபடத்தை ஓர் ஒப்படைப்புக்காக நானே வரைந்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தேன், அதில் "முதன்மை வால்வு: முகப்பில்" என்று அம்புக்குறி போட்டிருந்தேன். பாடத்திலிருந்த மாதிரிப் படத்தில் முகப்பில்தான் இருந்தது. முகப்பில் ஓடி ஓடித் தேடினேன். செம்பருத்திச் செடியைக்கூடப் பிடுங்கிப் பார்த்தேன்.

தண்ணீர் நின்றது. திரும்பிப் பார்த்தால் செங்கமலம் என் அறையிலிருந்து வருகிறாள், முழங்கையெல்லாம் ஒட்டடை. முதன்மை வால்வு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பழைய முகப்பை அடைத்துத்தான் என் அறையைக் கட்டியிருக்கிறார்கள். தரையில் ஓர் இரும்பு மூடி. அதன்மேல் ஏழு ஆண்டு படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏழு வருசமா அதச் சுத்தித்தான் பெருக்குறேன்."

வரைபடத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். "கள ஆய்வு சிறப்பு" என்று குறிப்பு வந்தது. என் கள ஆய்வுதானே, என் கட்டில்தானே.

முறுக்கு வேண்டாம், நன்றி. அவளிடம் வேண்டுமானால் பிறகு கொடுங்கள், காலையிலிருந்து சாப்பிடவில்லை.

மார்கழி, தை, மாசி, மூன்று மாதமும் நான் வாசிப்பேன், அவள் செய்வாள். ஒரு விந்தையைக் கவனித்தேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் வேலையை முடித்திருப்பாள். என் உச்சரிப்பில் அவ்வளவு தெளிவு இருந்திருக்கிறது. சில நாள் நான் வங்கிக்கோ கோவிலுக்கோ போய்வருவதற்குள் ஒரு குழாயே சரியாகியிருக்கும். "என்ன செங்கமலம், நான் வருவதற்குள் செய்துவிட்டாயே" என்பேன். "சும்மாதான டீச்சரம்மா இருந்தேன்" என்பாள். அப்படியே விட்டுவிட முடியுமா, கல்வி முழுமையாக வேண்டாமா? செய்து முடித்த வேலைக்குரிய பாடத்தை அன்று மாலை அவளை உட்காரவைத்து வாசித்துக் காட்டுவேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். ஒருமுறை பக்கத்தில் இருந்த ஜெனிட்டா சிரித்துவிட்டாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பாடம் கேட்கும் ஒழுங்கே கிடையாது.

பங்குனி முடியும்போது ஒன்பது குளியலறையும் திறந்திருந்தன. வானத்தைப் பார்த்த அந்த எல்போவையும் அவள் அறுத்து எடுத்துவிட்டு நேராக ஒட்டினாள். நான் பிளம்பர் ஆகிவிட்டேன் என்று மனமார நம்பினேன். பன்னிரண்டு பயிற்சியும் முடிந்தன, பன்னிரண்டு புகைப்படமும் ஒட்டியாயிற்று.

ஏப்ரல் கடைசியில் தேர்வு. தஞ்சாவூரில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடம், இன்று போய்வந்த அதே இடம். இருபத்து மூன்று ஆண்கள், நான் ஒருத்தி. எழுத்துத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அந்த மையத்திலேயே அதுதான் முதலிடம். மறுநாள் செய்முறை. ஒரு மரச்சட்டத்தில் இரண்டு எல்போவுக்கு இடையே குழாய் பொருத்திக் காட்ட வேண்டும். புத்தகம் அனுமதி இல்லை. எனக்கு எதற்குப் புத்தகம்? எல்லாம் மனப்பாடம்.

இடைவெளியை அளந்தேன். அந்த அளவுக்கே குழாயை அறுத்தேன். குழாயின் இரண்டு முனையும் எல்போவுக்குள் கொஞ்சம் போக வேண்டும், அந்த நீளத்தையும் சேர்த்து அறுக்க வேண்டும். அது ஆறாம் பாடம், மூன்றாம் பத்தி. அறுத்து முடித்த பிறகு நினைவுக்கு வந்தது. தேர்வாளரிடம் அந்தப் பத்தியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். குழாய் நீளவில்லை. எட்டாத முனையை எட்டவைக்க இழுத்துப் பிடித்து ஒட்டினேன். அழுத்தம் கொடுத்துச் சோதித்தபோது தண்ணீர் பீய்ச்சி அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவை நனைத்தது. அறுபதுக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றும் கருவிகளைத் துடைத்து வைத்ததற்காக இருக்க வேண்டும்.

அவர் நல்ல மனிதர். சட்டையை உதறிக்கொண்டே என் பதிவேட்டைப் புரட்டினார். புகைப்படங்களைப் பார்த்தார். ஒரு படத்தில் நின்றார், முன்னால் போனார், மறுபடி வந்தார்.

"இந்தக் கை யாருதும்மா?"

பன்னிரண்டு படத்திலும் ஒரே கை. கண்ணாடி வளையல், முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய கோலம். என் கையில் பச்சையும் இல்லை, வளையலும் இல்லை.

"நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குழாயை யாராவது பிடிக்க வேண்டும் அல்லவா?" என்றேன்.

"பிடிச்சவங்கள அனுப்புங்க" என்றார். "படிப்பு இல்லாம வேல மட்டும் தெரிஞ்சவங்களுக்கு நேரடி செய்முறைத் தேர்வு இருக்கு. அடுத்த மாசம் நான்தான் எடுக்குறேன்."

பல்கலைக்கழகத்தின் தேர்வு முறையைப் பற்றி நான்கு பக்கக் கடிதம் ஒன்றைப் பேருந்திலேயே எழுதத் தொடங்கினேன். திருவெறும்பூர் வருவதற்குள் கிழித்துவிட்டேன். அறுபத்திரண்டு பெண்களின் முகம் கண்ணுக்குள் வந்ததால் கிழித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஒவ்வொரு முகமும் வரவில்லை. மூன்று நான்கு வந்தன.

செயலாளரிடம் போய்த் தோற்றதைச் சொன்னேன். "வேற யாரு இருக்கா?" என்றார்.

"செங்கமலம்."

"பெருக்குற செங்கமலமா?"

"பெருக்குகிற செங்கமலம்தான்."

தீர்மானப் புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து வாசித்தார். "படிப்பு எதுவும் போடலியே நீங்க. அப்பச் சரி. அந்தம்மா பாஸ் பண்ணிட்டா ஒண்ணாந் தேதியிலேர்ந்து அவங்கதான் காப்பாளர். ரூமும் அவங்களுக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எழுதினதுதான மேடம்" என்றார். கிண்டல் செய்யவில்லை, உண்மையிலேயே எனக்கு நினைவூட்டினார்.

அவள் தேறினால் விடுதி நிற்கும், நான் வெளியே. தேறாவிட்டால் அறுபத்திரண்டு பேரும் வெளியே, அவளும் வெளியே, நானும் வெளியே. கணக்குப்படி அவள் தேறுவதுதான் எல்லாருக்கும் நல்லது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். கையெழுத்து மட்டும் அவள் போட்டாள், மெதுவாக, நாக்கை ஓரத்தில் நீட்டிக்கொண்டு. ஒவ்வொரு எழுத்தையும் முழுதாகப் போட்டாள்.

இனி சொல்லப்போவதை ஜெனிட்டாவிடம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் என்னைத் தெரியாதவர், அதனால் சொல்கிறேன். இந்த மாதம் பதினாறாம் தேதி அவளுக்குத் தேர்வு அழைப்புக் கடிதம் வந்தது, விடுதி முகவரிக்கு. தபால்களை வாங்குவது நான். வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தேன். அன்று மாலை கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை. தேர்வுக் கட்டணத்தையும் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு நேரில் வந்து பெயரை உறுதிசெய்ய வேண்டும், கடைசி நாள் இருபத்தொன்று என்று அதில் இருந்தது. இருபத்தொன்று கழிந்துவிட்டால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. தபால் தாமதம் என்றுதான் இருக்கும். விடுதியையே மூடினாலும் பரவாயில்லை, அவள் என் நாற்காலியில் உட்காருவதைவிட அது மேல் என்று தோன்றிய ஒரு நாளும் அதில் இருந்தது. ஒரு நாள் முழுதும். பதினெட்டாம் தேதி என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அன்று காலை பதிவேட்டைத் திறந்தேன், உறை தெரிந்தது, எடுத்து நீட்டினேன். "மறந்துபோய்விட்டது" என்று சொன்னேன். "சரி டீச்சரம்மா" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இன்று அவளோடு நானும் வந்தேன். ஐந்தாம் வகுப்புதான் என்பதால் வினாத்தாளை வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்று விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருந்தேன். உள்ளே போய் முதல் வினாவை வாசித்தேன். கேட்பவருக்குப் பின்புலம் தெரிய வேண்டும் என்று சிறு முன்னுரையும் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் செங்கமலம் தேர்வாளர் அருகே போய் ஏதோ மெல்லச் சொன்னாள். அவர் வந்து, "அம்மா, நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க" என்றார். நான் நின்று களைத்துப்போவேன் என்று அவளுக்குக் கவலை. அப்படிப்பட்டவள்.

இரண்டரை மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். உள்ளே அறுக்கும் சத்தம், தட்டும் சத்தம். அந்த நேரத்தில் நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஒருமுறை தண்ணீர் பீய்ச்சும் ஓசை கேட்டது. எழுந்து நின்றுவிட்டேன், பயத்தினாலா மகிழ்ச்சியினாலா என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வேறு யாரோ ஒருவருடைய குழாய்.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தாள். முந்தானையில் கை துடைத்துக்கொண்டே நின்றாள்.

"என்ன ஆயிற்று?"

"ஒழுகல டீச்சரம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். சான்றிதழ் தபாலில் வருமாம். அதுவரைக்கும் ஒரு துண்டுத் தாளில் முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவள் ரவிக்கைக்குள் இருக்கிறது.

பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்தோம். "செங்கமலம், உன் கடிதம் நான்கு நாள் என்னிடம் இருந்தது. நான் மறக்கவில்லை" என்றேன்.

அவள் தேநீரை ஊதினாள். "தெரியும்."

"எப்படி?"

"ரிஜிஸ்டர யாரு தொடைக்கிறா? எம் பேரு எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"நீங்களாக் குடுக்குறீங்களான்னு பாத்தேன்."

"கொடுக்காமல் இருந்திருந்தால்?"

"அஞ்சாம் நாளு நானே எடுத்திருப்பேன். பரீச்சையும் எழுதியிருப்பேன். ஒண்ணாந் தேதி ஒங்களக் காலி பண்ணச் சொல்லியிருப்பேன்." கோபமில்லை. அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்லும் குரலில் சொன்னாள்.

ஓசூருக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று மனம் தேடியது. அவள் தன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். கடைப்பையன் வேண்டாம் என்று சொல்லியும் கழுவினாள்.

"நான் ராத்திரிக்கு வீட்டுக்குப் போவணும்" என்றாள். "அந்தாளுக்குச் சோறு பொங்கணும். அத்தினி பொட்டப்புள்ளைங்களுக்கு ராத்திரியில ஒரு பெரிய மனுசி வேணுமில்ல. ரூமு எம் பேருக்கு வந்தா அதுல யாரு இருக்கணும்னு நான்தான சொல்லணும்? இருங்க. ரிஜிஸ்டர நீங்க எழுதுங்க. செயலாளர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஏழு ஆண்டில் அவள் என்னை நிறுத்தியது அதுதான் முதல்முறை.

"ஒண்ணே ஒண்ணு. நான் வேல பாக்கையில பக்கத்துல நின்னு வாசிக்காதீங்க. காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி இருக்கு. இத்தினி நாளு, படிச்சவங்க மனசு நோவக் கூடாதுன்னு பொறுத்துக்கிட்டேன்."

சரி என்றேன். இருநூறு சொற்களுக்கு மிகாமல் விடையளிக்கவும் என்ற கட்டளையை என் வாழ்நாளில் முதன்முறையாக மதித்தேன்.

துவாக்குடி தாண்டிவிட்டது, பாருங்கள், நான் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். அவளைச் சற்று நேரத்தில் எழுப்ப வேண்டும். அதற்கு முன் உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். நாளைக் காலை மூன்றாம் மாடித் தொட்டிக்கு மிதவை வால்வு மாற்றப் போகிறாள். அது பதினான்காம் பாடம். கடினமான பாடம், துணைத் தலைப்பே ஏழு. பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், மீற மாட்டேன். ஆனால் இரண்டாம் மாடிப் படியில் நின்று சற்று உரக்க வாசித்தால் அவளுக்குக் கேட்கும்தானே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?